மூச்சில்லாத பீமன்

புது அரங்கம் எதுவானாலும், உள்ளே போனதும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேடையை ஒரு சுற்று நடந்து வருவேன். பலகைத் தரையா, சிமென்ட்மேல் ஒட்டிய வினைல் விரிப்பா, எந்தப் பலகை தூக்கிக்கொண்டு நிற்கிறது, எங்கே ஆணித்தலை துருத்துகிறது என்பதெல்லாம் உள்ளங்காலுக்கு உடனே தெரிந்துவிடும். பிறகு நடுமேடையில் நின்று ஒரு கைதட்டல். சத்தம் போய்த் திரும்பி வரும் விதத்தில் அகலமும் ஆழமும் ஓரளவு பிடிபடும். சபா அரங்கங்களில் மூன்று பக்கமும் கறுப்புத் திரை தொங்கும். கனத்த துணி சத்தத்தை விழுங்கிவிடும். நான்கு சுவரும் பதில் சொல்லும் பள்ளிக்கூட ஹாலில் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த நடிகர், இந்தத் துணிகளுக்கு நடுவே வந்ததும் சட்டென்று நின்றுவிடுவார். உதவிக்கு வந்தவர்கள் மேடைப் பயம் என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுப்பார்கள். அவருக்குப் பயமே இல்லை. இத்தனை நாள் அவர் நம்பியிருந்த சுவர் காணாமல் போயிருக்கிறது. பின்திரையைச் சுருட்டிக் கட்டச் சொன்னால் போதும். வெற்றுச் சுவர் வெளியே வரும், அவரும் நடக்க ஆரம்பிப்பார்.

பின்திரை இல்லாவிட்டால் மேடை பார்க்க நன்றாக இருக்காதே என்று அரங்க மேலாளர்கள் சொல்வார்கள். இந்தத் தொழிலில் நான் செய்கிற வாதங்கள் எல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன. பார்வையற்றவர்களும் குறைபார்வை உள்ளவர்களும் சேர்ந்து நாடகமும் நாட்டியமும் உருவாக்கும் சிறு குழு ஒன்றைச் சென்னையில் நடத்துகிறேன். கண்ணால் பார்ப்பதற்கென்று முழுதாகச் செய்து முடித்த ஒன்றைக் கடைசியில் எங்களுக்கும் எட்டும்படி கொஞ்சம் வளைத்துக் கொடுப்பது ஒரு வழி. எங்கள் காதிலும் காலிலும் மூக்கிலும் தொடங்கி, பிறகு மற்றவர்களையும் அதற்குள் அழைத்துவருவது இன்னொரு வழி. நாங்கள் இரண்டாவதைச் செய்கிறோம். அப்படித் தொடங்கும்போது கதையே மாறிவிடுகிறது என்பதுதான் நான் இங்கே எழுத நினைப்பது.

நான் பரதநாட்டியம் படித்தவள். அரங்கேற்றம் முடிந்து வகுப்பு எடுக்கத் தொடங்கிய பிறகு, பொழுது சாய்ந்தால் படி தெரியாமல் தடுமாற ஆரம்பித்தேன். மாலைக்கண் என்று வீட்டில் முருங்கைக்கீரையும் மீன் எண்ணெய் மாத்திரையும் கொடுத்தார்கள். மருத்துவர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்றார். விழித்திரையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து, பார்வை வட்டம் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் நோய். இப்போது எனக்கு நேரெதிரே ஒரு சிறு வட்டம் மிச்சம். நல்ல வெளிச்சத்தில் பெரிய எழுத்தைப் படிப்பேன். பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கமாட்டேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பார்வைப் புலம் 10 டிகிரிக்குக் கீழே போனாலும் பார்வையின்மைதான், சரிசெய்த பிறகும் கூர்மை 3/60க்குக் கீழே இருந்தாலும் பார்வையின்மைதான். அந்த ஒரு பிரிவுக்குள் எங்கள் குழுவில் எத்தனை விதம்! பிறந்ததிலிருந்து எதுவுமே பார்க்காதவர் இருக்கிறார். ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்தவர் இருக்கிறார். நிறம் தெரியும், உருவம் தெரியாது என்கிற பெண் ஒருத்தி. நடுவில் மட்டும் மறைத்து ஓரத்தில் தெரிகிற பையன் ஒருவன். அவன் உங்களைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். மரியாதை தெரியாத பிள்ளை என்று பெயர் வாங்கியவன்.

அதனால் பார்வையின்மை என்றாலே இருட்டு என்று எடுத்துக்கொள்ளும் நாடகங்களோடு எனக்கு ஒட்டவில்லை. ஒன்றை மட்டும் மரியாதையோடு தள்ளி வைத்துச் சொல்கிறேன். அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் 2001இல் ஹொசே மென்சாக்கா என்ற இயக்குநர், ரொபெர்த்தோ ஆர்ல்ட் எழுதிய ‘ஆளில்லாத தீவு’ நாடகத்தை ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லாமல் மேடையேற்றினார். பார்வையற்ற நடிகர்களும் பார்வையுள்ள நடிகர்களும் சேர்ந்து நடித்தார்கள். சத்தமும் வாசனையும் பார்வையாளரைச் சுற்றிச் சுற்றி வந்தன. அது வேர்பிடித்து 2008இல் தேயாத்ரோ சியேகோ என்று தனி அரங்கமே வந்தது. அங்கே இருட்டு ஒரு வேலைக்களம். அதில் தேர்ந்தவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். நான் சொல்வது வேறு வகை. வந்தவர்களை இருட்டறையில் விட்டு, நாற்காலியில் இடிக்கவைத்து, வெளியே வரும்போது கண்ணீரோடு அனுப்புவது. 2020இல் லண்டன் டான்மார் அரங்கம், சரமாகோவின் பார்வையின்மை நாவலை ஹெட்போனில் கேட்கும் நாடகமாகச் செய்தது. காதுக்குள் வந்து கிசுகிசுக்கும் அந்த ஒலியமைப்பு அபாரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதையில் கண் தெரியாமல் போனவர்கள் அசிங்கத்தில் புரண்டு, ஒருவரை ஒருவர் அடித்துப் பறிக்கிற நிலைக்கு வந்துவிடுகிறார்கள். அதே நாவல் 2008இல் சினிமாவாக வந்தபோது அமெரிக்காவின் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு தெருவில் இறங்கிப் போராடியது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. தாங்கள் அஞ்சுகிற ஒன்றுக்கு எங்கள் பெயரை வைத்துவிட்டார்கள்.

நடிப்புப் பட்டறைகளில் கண்ணைக் கட்டிவிடும் பயிற்சியும் அப்படித்தான். கண்ணைக் கட்டிய அரைமணி நேரத்தில் ஒருவர் கற்பது முதல் அரைமணி நேரத்துத் திகிலை மட்டும்தான். பத்து வருடம் கோலைத் தட்டிக்கொண்டு தாம்பரம் ரயிலில் ஏறி இறங்கியவரின் திறமை அதில் துளிகூட வராது. எங்கள் குழுவுக்கு வரும் பார்வையுள்ள நடிகர்களுக்கு நான் கண்ணைக் கட்டுவதில்லை. எங்கள் நடிகர் ஒருவரோடு ஒரு நாள் முழுக்கக் கடைக்கும் வங்கிக்கும் போய்வரச் சொல்கிறேன். அவர் எப்போது நிற்கிறார், எதற்காகத் தலையைச் சாய்க்கிறார், டீக்கடை வந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறார் என்று கவனித்து வரட்டும்.

மேடைக்கு வருகிறேன். தரையில் நாங்கள் போடுவது சணல் கயிறு. சுண்டுவிரல் மொத்தம் இருந்தால் கால் தடுக்கும், நூல் மாதிரி மெலிந்தால் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்து, அதன்மேல் துணி டேப் ஒட்டி, நடுக்கோடும் குறுக்குக்கோடும் இழுப்போம். இரண்டும் வெட்டும் இடத்தில் ஒரு சிறு முடிச்சு. குறைபார்வைக்காரர்களுக்காக டேப் மஞ்சள் நிறத்தில் இருக்கும், தரை கறுப்பாக இருந்தால் நன்றாகத் தெரியும். மேடையின் முன்விளிம்புக்கு இரண்டடி உள்ளே தென்னை நார் மிதியடியை நீளத்துக்கு வெட்டிப் பதிப்போம். அது காலில் குத்தினால் அதற்குமேல் போகக்கூடாது. மிருதங்கக்காரர் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பக்கம்தான் உட்காருவார், இடம் மாற்றக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே உண்டு. எதிர்ப்பக்க விங்கில் ஒரு டேபிள் ஃபேன் மெல்ல ஓடும். இடக் கன்னத்தில் காற்று, வலக் காதில் மிருதங்கம் என்றால் முகம் சபையைப் பார்த்து இருக்கிறது என்று அர்த்தம். இதற்குமேல் யாரும் பக்கத்தில் நின்று ‘இப்படித் திரும்புங்க’ என்று சொல்ல வேண்டியதில்லை. பளபளப்பான தரையில் டேப் ஒட்டினால் கறை படியும் என்று ஒரு மண்டபத்தில் அனுமதி மறுத்துவிட்டார்கள். ஒரு முழுத் துணி விரிப்பின் அடியில் கயிற்றைத் தைத்து எடுத்துப்போய் விரித்தோம். இப்போது எல்லா ஊருக்கும் அதே விரிப்புதான் போகிறது.

நாட்டியம் சொல்லித் தருவதில் இன்னும் நுணுக்கம் இருக்கிறது. இங்கே எனக்கு முன்னோடிகள் உண்டு. பெங்களூரில் 1969இல் தொடங்கிய ஸ்ரீரமண மகரிஷி பார்வையற்றோர் அகாடமியின் பிள்ளைகள் பல வருடங்களாகப் பரதநாட்டியம் ஆடுகிறார்கள். அம்பிகா காமேஷ்வர் 1989இல் சென்னையில் ரமண சுந்ருத்ய ஆலயாவைத் தொடங்கி, நாட்டியத்தையும் நாடகத்தையும் மாற்றுத்திறனாளிகளின் வளர்ச்சிக்கான வழியாகவே ஆக்கினார். பிரேசிலின் சாவோ பாவ்லோவில் பெர்னாண்டா பியான்கினி 1995இல் பார்வையற்ற சிறுமிகளுக்கு பாலே சொல்லித்தரத் தொடங்கினார். அப்போது அவருக்கே பதினைந்து வயதுதான். அந்தப் பள்ளியின் நடனக்காரர்கள் 2012 லண்டன் பாராலிம்பிக்ஸ் நிறைவு விழாவில் ஆடினார்கள். இவர்கள் எல்லாரும் தொட்டுத்தான் கற்றார்கள், கற்பித்தார்கள்.

தொடுவதில் எங்களிடம் ஒரு கண்டிப்பான முறை உண்டு. ஆசிரியர் கை மாணவர் உடம்பின் மேல் முதலில் போகாது. மாணவர் கைதான் ஆசிரியர் உடம்புக்கு வரும். அரைமண்டி என்றால், நான் உட்கார்ந்து நிற்பேன். மாணவி என் எதிரே தரையில் அமர்ந்து என் முழங்கால் இரண்டையும் பிடித்துப் பார்ப்பாள். எவ்வளவு விரிந்திருக்கிறது, தொடையின் சதை எங்கே இறுகுகிறது, குதிகால் எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்று. பிறகு என் முதுகுக்குப் பின்னால் வந்து இடுப்பில் கை வைப்பாள். முதுகு நிமிர்ந்தே இருக்க, உடம்பு மட்டும் எப்படி இறங்குகிறது என்பது அங்கேதான் தெரியும். அதன்பிறகு அவள் உட்காருவாள். சரிசெய்ய வேண்டியிருந்தால், ‘முட்டியைத் தொடட்டுமா?’ என்று கேட்ட பிறகே தொடுவேன். சின்ன வயதிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்து இழுத்துத் தெருவைக் கடக்கவைத்த உடம்பு அது. ‘வேண்டாம் டீச்சர்’ என்று சொல்லும் உரிமை அந்த உடம்புக்கு முதலில் வேண்டும். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அடவு பிடிபட்ட பிறகு வரும் சிக்கல் நகர்ந்துபோவது. தட்டடவை நின்ற இடத்திலேயே ஆட வேண்டும். ‘தையா தை’ மூன்றாம் காலம் போகும்போது, பார்வையுள்ள பிள்ளைகள்கூடக் கொஞ்சம் நகர்வார்கள், ஆனால் கண் அவர்களைத் திரும்ப இழுத்துவந்துவிடும். எங்களை இழுப்பது காதுதான். தாளத்துக்கு மனைப்பலகையில் தட்டுக்கழி விழும் இடம் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி அசையாமல் இருக்கும்வரை நடனமணியும் அசையாமல் இருப்பாள். சுற்றும்போது மற்றவர்கள் எதிரே ஏதாவது ஒன்றில் பார்வையை நிறுத்திக்கொள்வார்கள், எங்கள் பெண்கள் தட்டுக்கழியில் காதை நிறுத்திக்கொள்கிறார்கள். இதனால்தான் பதிவு செய்த பாட்டுக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வந்தால் அந்தப் புள்ளி கரைந்துவிடும். செலவு மிச்சம் என்று வாத்தியக்காரர்களை வேண்டாம் என்பவர்களுக்கு இதைச் செய்தே காட்டியிருக்கிறேன். அதே மாணவி, அதே ஜதி, ஸ்பீக்கரில் போட்டால் நான்கு ஆவர்த்தனத்துக்குள் கயிற்றைத் தாண்டிப் போய்விடுவாள்.

அபிநயம் வரும்போது எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. முகத்தையே பார்த்திராதவர்கள் முகபாவம் எப்படிக் காட்டுவார்கள்? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸிலும் பாராலிம்பிக்ஸிலும் ஜூடோ வீரர்கள் ஜெயித்த நொடியிலும் தோற்ற நொடியிலும் எடுத்த படங்களை டேவிட் மாட்சுமோட்டோவும் பாப் வில்லிங்ஹமும் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களின் முகமும், பார்வையுள்ள வீரர்களின் முகமும் அந்த நொடியில் ஒரே மாதிரி அசைந்திருந்தன. ஆக, மகிழ்ச்சியும் ஏமாற்றமும் முகத்துக்கு யாரும் காட்டித்தர வேண்டியவை அல்ல. புருவத்தை ஏற்றி இறக்கும் சாத்திர அபிநயம் வேறு, அதைப் பார்வையுள்ளவர்களும் கண்ணாடி முன்னால் நின்று கற்கத்தான் வேண்டும். நாங்கள் மூச்சிலிருந்து தொடங்குகிறோம். விரகம் என்றால் மூச்சு எங்கே தங்குகிறது, கோபம் என்றால் எடை எந்தக் காலுக்குப் போகிறது. மூச்சு சரியாக விழுந்தால் முகம் தானாக வரும். வராவிட்டாலும் மூன்றாம் வரிசையில் இருக்கும் பார்வையற்ற ரசிகருக்கு அந்த மூச்சு கேட்கும்.

ரசிகர் என்று எழுதியதும், ஒலிவிவரணை பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 1981இல் வாஷிங்டன் அரீனா ஸ்டேஜ் அரங்கத்தில் மார்கரெட் பான்ஸ்டீலும் பின்னாளில் அவர் கணவரானவரும் அதைத் தொடங்கிவைத்தார்கள். பார்வையற்றவர் காதில் கருவி மாட்டிக்கொள்வார், வசனத்துக்கு நடுவே மேடையில் நடப்பதை ஒருவர் மெல்லச் சொல்வார். நம் அரங்கங்களிலும் அது வர வேண்டும் என்று நானும் கேட்டுக்கொண்டே இருப்பவள். ஆனால் நாட்டியத்தை அப்படிச் சொன்னால் ‘வலது கை மேலே போகிறது’ என்று வடிவம் வரும், அந்தக் கை எவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது என்பது வராது. அதனால் சொல்ல வேண்டியதை நாடகத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறோம். மூன்று பேர் ஆடினால் மூன்று விதச் சலங்கை. ஒருத்திக்குப் பெரிய மணி, ஒருத்திக்குச் சிறிய மணி, ஒருத்திக்கு ஒரு காலில் மட்டும். யார் எங்கே இருக்கிறார் என்பது ஐந்து நிமிடத்தில் சபைக்குப் பழகிவிடும். அரசிக்குக் கஞ்சிபோட்ட பட்டு. அவள் உட்காருவதும் எழுவதும் தனியாகக் கேட்கும்.

தமிழில் இதற்கு நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. தெருக்கூத்தில் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்றே தான் யார், எப்படிப்பட்டவர் என்று பாடிவிட்டுத்தான் வெளியே வருவார். கட்டியங்காரன் ஊர் பேர் விசாரித்து, யார் யாரோடு சண்டை என்பதைச் சபைக்கு எடுத்துச் சொல்லிவிடுவான். தீப்பந்த வெளிச்சத்தில் கடைசி வரிசைக்கு எதுவும் தெரியாத காலத்தில் உருவான கலை, அதனால் காதுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடும். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்கள் எங்கள் குழுவில் பாதிப்பேர். கட்டபொம்மன் வசனத்தை ஒலிபெருக்கியில் கேட்டே மனப்பாடம் செய்த ஒருவருக்கு, சிவாஜி கணேசன் எந்த வாக்கியத்தில் எழுந்து நிற்கிறார் என்று குரலை வைத்தே சொல்லத் தெரியும்.

அவர்தான் எங்கள் திருதராஷ்டிரன். ஐம்பதைத் தாண்டியவர், வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர், பிறவியிலிருந்து பார்வை இல்லாதவர். மகாபாரதத்தின் ஸ்திரீ பர்வத்தை எடுத்துச் செய்யலாம் என்று உட்கார்ந்தோம். போர் முடிந்து பாண்டவர்கள் பார்வையற்ற பெரியப்பா திருதராஷ்டிரனிடம் வருகிறார்கள். தன் பிள்ளைகளைக் கொன்ற பீமனைக் கட்டித் தழுவ வேண்டும் என்கிறார் அரசர். அவர் மனதில் இருப்பதை அறிந்த கண்ணன், பீமனைத் தள்ளிவிட்டு ஓர் இரும்புப் பதுமையை முன்னால் நிறுத்துகிறான். அரசர் அதைப் பீமன் என்றே நினைத்து நெரித்து நொறுக்குகிறார். வாயில் ரத்தம் வருகிறது, கீழே விழுகிறார், கோபம் தணிந்து ‘ஐயோ பீமா’ என்று அழுகிறார். பிறகுதான் அது இரும்பு என்று கண்ணன் சொல்கிறான். எல்லாருக்கும் தெரிந்த கதை. நானும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

வாசித்து முடித்ததும் அவர், “டீச்சர், இது நடக்காது” என்றார்.

“ஏன் சார்?”

“இரும்பைக் கட்டிப்பிடிச்சா இரும்புன்னு தெரியாதா? ஜில்லுனு இருக்கும். மூச்சு வராது, வேர்வை வாசனை இருக்காது. மனுஷன்னா நம்மளைத் திரும்பக் கட்டிக்குவான், கை முதுகுல விழும். பொம்மைக்கு ஏது? விரல் நுனி பட்டதுமே எனக்குத் தெரிஞ்சிடும்.”

அறையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. காலங்காலமாகச் சொல்லப்பட்ட கதை, கண் தெரியாதவர் கைக்கும் ஒன்றும் தெரியாது என்ற நம்பிக்கையில் நின்றுகொண்டிருக்கிறது. எங்களில் யார் அந்த இடத்தில் இருந்தாலும் ஏமாந்திருக்கமாட்டோம். அப்படியானால் திருதராஷ்டிரனுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏன் நொறுக்கினார்? தெரிந்தும் ஏன் பீமனுக்காக அழுதார்? இந்த இரண்டு கேள்வியிலிருந்துதான் எங்கள் நாடகம் பிறந்தது.

முதல் கேள்விக்கு அவரே வழி சொன்னார். பதினெட்டு நாளும் யுத்தத்தைச் சஞ்சயன் சொல்லக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அரசர். அவர் கையால் செய்ய யாரும் எதையும் விட்டுவைக்கவில்லை. அந்த யுத்தத்தில் அவர் கைக்குக் கிடைத்த ஒரே எதிரி அந்த இரும்புதான், அதனால் நொறுக்குகிறார். இரண்டாவது கேள்வி கடினமாக இருந்தது. நிறம் மட்டும் தெரிகிற அந்தப் பெண்தான் சொன்னாள்: “சுத்தி நிக்கிறவங்க எல்லாரும் அவருக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டு நிக்கிறாங்க. தெரியும்னு சொன்னா கொலைகாரன் ஆயிடுவார். தெரியாதுன்னே இருந்துட்டா பாவம்னு விட்டுடுவாங்க.” எங்கள் நாடகத்தில் அரசர் ‘ஐயோ பீமா’ என்று அழுவது பார்வையுள்ள சபைக்காக. அவர்கள் எதிர்பார்க்கும் குருடனாக அவர் அவர்களுக்கு நடித்துக் காட்டுகிறார். எங்கள் ஒவ்வொருவருக்கும் அந்த நடிப்பு பழக்கம். தெரியும் என்று சொன்னால் ஒருவரும் நம்பாத இடங்களில் தெரியாது என்றே இருந்துவிட்டு வந்திருக்கிறோம். இதைச் சொல்லி ஒத்திகையில் அன்று நிறைய பேர் அழுதார்கள்.

பதுமையை அம்பத்தூர்ப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்தோம். தோளும் கையும் கனமான தகடு. ஓரங்களை மடித்து அடித்திருக்கிறது, கை கிழிக்காது. மார்பு மட்டும் எண்ணெய் டின் தகடு, நான்கு திருகில் நிற்கும். ஒவ்வொரு காட்சிக்கும் புதிது மாட்டுவோம். டின் தகடு நெரிபடும்போது முதலில் ‘டொக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் கரகரவென்று நீளமாக மடியும். அதற்கு ஈடான சத்தத்தை எந்த ஒலிப்பதிவிலும் நான் கேட்டதில்லை. சென்னை வெயிலில் இரும்பு சுடுமே தவிரக் குளிராது. அதனால் பதுமையின் முதுகுக்குள் ஒரு பெட்டி வைத்து, அதில் ஐஸ் கட்டிகளைச் சாக்கில் சுற்றி அடைக்கிறோம். தகட்டில் வியர்த்து நீர் கோத்துக்கொள்ளும். கண்ணன் மேல் எனக்குக் கோபமே வந்துவிடும், அவ்வளவு சில்லென்றிருக்கும் அந்த மார்பு.

சபையில் நாற்பது பேருக்கு மேல் விடுவதில்லை. அவர்களும் மேடைமேலேயே, நடிகர்களைச் சுற்றி, செருப்பில்லாமல் உட்காருவார்கள். பலகை மேடையாகப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வோம். தவில் அதே பலகைமேல் இருக்கும், அடி காலில் ஏறும். காது கேளாத, கண்ணும் தெரியாத ஒரு பெரியவர் வந்திருந்தார், அவருக்கு முழு யுத்தமும் உள்ளங்காலில் போனது. தழுவும் காட்சிக்கு முன் ஒவ்வொருவர் கையிலும் குளிர்ந்த இரும்புக் கை ஒன்றைக் கொடுப்போம். அதே தகடு, அதே மடிப்பு, பிடித்தால் திரும்பப் பிடிக்காத கை. அரசர் பேசத் தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிந்தது சபைக்கும் தெரிந்திருக்கும். கண்ணன் விஷயத்தைச் சொல்லும் இடத்தில் சபையில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஆச்சரியப்படுவது மேடையில் நிற்கும் பாண்டவர்கள் மட்டும்தான்.

வாசனையில் நான் சிக்கனம். விளக்கை அணைப்பது போல் வாசனையை அணைக்க முடியாது. தாமதமாக வரும், போகவும் மனமில்லாமல் போகும். நாடகம் முழுக்க மூன்று வாசனைதான். தொடக்கத்தில் காய்ந்த மண்ணில் தண்ணீர் தெளித்து எழும் வாசனை, நடுவில் தீய்ந்த நெய், கடைசியில் இரும்பு பிடித்த உள்ளங்கையில் மிஞ்சும் அந்தத் துரு வாடை. மூன்றாவதை நாங்கள் பரப்புவதில்லை. அவரவர் கையிலேயே இருக்கும், வீடுவரை போகும். ஏ.சி. அரங்கமாக இருந்தால் நெய் வாசனை மணிக்கணக்கில் சுற்றும். அதனால் அந்தக் காட்சி முடிந்ததும் பின்கதவைத் திறந்து ஃபேனைத் திருப்பிவிட ஓர் ஆள் உண்டு. சாம்பிராணி கிடையாது, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் வருவார்கள். மல்லிகையும் கிடையாது, அது வந்தால் வேறு எதையும் உள்ளே விடாது.

லண்டனில் மரியா ஓஷோடி என்ற பார்வையற்ற கலைஞர் 1997இல் தொடங்கிய எக்ஸ்டன்ட் குழு இதையெல்லாம் எந்திரத்தோடும் செய்துபார்த்திருக்கிறது. 2010இல் ஓர் இருட்டு அரங்கில், பார்வையாளர் கையில் தாமரை மாதிரி ஒரு கருவியைக் கொடுத்தார்கள். நெருங்க வேண்டிய பொருளுக்குப் பக்கத்தில் போனால் அதன் இதழ்கள் விரியும். 2015இல் ‘பிளாட்லேண்ட்’ கதைக்கு, திசை காட்டி முறுக்கிக்கொண்டு, தூரம் காட்டி நீளும் ஒரு சிறு பெட்டி. ஆடம் ஸ்பியர்ஸ் வடிவமைத்தது. பார்வையுள்ளவரும் இல்லாதவரும் அதே கருவியோடு அதே இருட்டில் நடந்தார்கள். எங்களுக்கு அவ்வளவு பணம் இல்லை. ஆனால் ஒன்று புரிகிறது: அந்தக் கருவி சலுகையாக ஒட்டவைத்தது இல்லை, அது இல்லாவிட்டால் நாடகமே இல்லை. எங்கள் இரும்புக் கையும் அப்படித்தான்.

ஒரு காட்சி முடிந்து பேச்சு நடந்தபோது, பாரதப் பிரசங்கம் செய்யும் பெரியவர் ஒருவர் எழுந்து, வியாசர் எழுதியதை மாற்ற உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். நியாயமான கேள்வி என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் திருதராஷ்டிரன் எழுந்துபோய், “ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா?” என்று தன் கையை நீட்டினார். பெரியவர் பிடித்தார். “இது மனுஷன் கைன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?” என்றார். பெரியவர் கையை விடாமலே, “அப்போ அவர் தெரிஞ்சே செஞ்ச பாவம்னு ஆகுதே, அது இன்னும் பெரிய பாவம் இல்லையா?” என்று திருப்பினார். அவர் எழுப்பிய கேள்வி எங்களுக்குத் தோன்றாதது. இப்போது அரசர் கடைசியில் தனியாகச் சஞ்சயனிடம் பேசும் ஒரு பகுதி நாடகத்தில் இருக்கிறது. ‘நான் தெரிந்துதான் செய்தேன்’ என்று அவரே வாயைத் திறந்து சொல்கிறார். அந்தப் பெரியவரால் வந்த வசனம்.

அடுத்து காந்தாரி. கலியாணத்தின்போது கண்ணைக் கட்டிக்கொண்டவள், பிறவியிலேயே பார்வை இல்லாதவள் அல்ல, அதனால் அந்த வேஷம் எனக்கு வந்திருக்கிறது. போர்க்களத்தைப் பார்க்க அவளுக்கு ஞானக்கண் கிடைத்ததாகப் பாரதம் சொல்கிறது. நாங்கள் அதை எடுத்துவிட்டோம். அவள் நடந்துபோய்க் கையால் தேடி, ஒவ்வொரு பிள்ளையாக அடையாளம் கண்டு பெயர் சொல்லப் போகிறாள். நூறு பெயரையும் சொல்லத்தான் வேண்டும், ஒரு தாய் எண்ணிக்கையைக் குறைப்பாளா என்கிறது குழுவில் பாதி. பத்துக்கு மேல் எந்தப் பெயரும் காதில் தங்காது, சபை களைத்துவிடும் என்கிறது மறுபாதி. பட்டியலை பிரெயிலில் அடித்து எல்லாரிடமும் கொடுத்தாயிற்று. துச்சலை பெண் என்பதால் பட்டியலில் இல்லை, உயிரோடு இருக்கிற அவளைக் களத்தில் காந்தாரியோடு கூட நடக்கவைக்கலாமா என்று ஒரு பேச்சும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் நூறையும் ஒரு முறை முழுதாகச் சொல்லிக் கேட்டுவிட்டு முடிவு செய்வோம்.